தோட்டத்துக் கள்ளும் தொழிலாளியின் மாலைப்பொழுதும்

பகலெல்லாம் உழைத்த மனிதன், பொழுது சாய்ந்தபின் நண்பரோடு அமர்ந்து, ஏதேனும் உண்டு, ஏதேனும் குடித்து, நன்மை தீமைகளைப் பேசி மகிழ விரும்புகின்றான். இவ்விருப்பம் மன்னனுக்கும் உண்டு. மண்வெட்டி பிடிப்பவனுக்கும் உண்டு. இதனைக் குற்றமென்று கூறுவோர் மனித இயல்பை அறியாதவரே ஆவர். ஆகவே, குடி நன்றா தீதா என்னும் பழைய வழக்கை மீண்டும் எடுத்து நடத்துவதற்காக நாம் இக்கட்டுரையை எழுதவில்லை. மலிவான விலைக்குக் கிடைத்த ஒரு குடி, மலாய் நாட்டுக்கு வந்த நம்மவரின் மாலைப்பொழுதை எவ்வாறு பிடித்துக்கொண்டது. அதனால் ஆதாயம் அடைந்தவர் யார். நாம் இழந்தது யாது. இழந்தவற்றுள் மீட்கத்தக்கது எது என்பவற்றையே ஆராயப் புகுகின்றோம். ஜொகூரில் வாழும் தமிழர்க்கு இஃது அயலார் கதையன்று. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் வாழ்ந்து தீர்த்த கதையே ஆகும்.

பண்டையோர் கூட்டம்

நம் முன்னோர் குடியாதவர் என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. அப்பெருமைக்குப் பழைய நூல்கள் இடந்தருவதில்லை. கள், தேறல், நறவு, தோப்பி, மட்டு, பிழி என்று எத்தனையோ பெயர்கள் சங்க நூல்களில் வழங்குகின்றன. தோப்பி என்பது நெல்லிலிருந்து வீட்டிலே செய்தது. தேறல் என்பது தெளிந்தது. அதனை மூங்கிற் குழாயிலிட்டு முதிரவைக்கும் வழக்கமும் இருந்தது. மதுக்கடை இருக்கும் இடத்தைக் காட்டக் கொடி கட்டிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் தரப் பாண்டியன் நன்மாறன் பருகியதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் குறிக்கின்றார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நிகழ்த்திய அகழ்வாராய்ச்சியில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்த இருபுறமும் பிடியுள்ள மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. பாட்டும் ஓடும் ஒரே செய்தியைச் சொல்லுகின்றன.

அந்த யவனர்தாமும் தம் நாட்டில் வெறுமனே குடித்தவர் அல்லர். மதுவில் நீர் கலந்து, பலர் கூடியிருந்து, ஒரு பொருளைப்பற்றி முறைவைத்துப் பேசுவது அவர்களிடையே நிலவிய வழக்கம். அன்பைப்பற்றிப் பிளேட்டோ எழுதிய புகழ்பெற்ற நூலுக்குச் சிம்போசியம் என்று பெயர். கூடிக் குடித்தல் என்பதே அச்சொல்லின் பொருள்.

ஆனால் இவையனைத்தினும் மேலாக நம் உள்ளத்தைத் தொடுவது ஔவையார் அதியமானுக்காகப் பாடிய இரங்கற் பாட்டாகும். புறநானூற்றில் 235ஆவதாக நிற்கும் அப்பாட்டில், தகடூரை ஆண்ட அவ்வள்ளல் இறந்தபோது, அவன் எவ்வாறு பகிர்ந்தான் என்பதை முதலில் நினைந்து அழுகின்றார் அவர். கள் சிறிதாக இருந்தால் அதனைத் தமக்கே தந்துவிடுவான் என்றும், பெரிதாக இருந்தால் தாம் உண்டு பாட, அவனும் மகிழ்ந்து உண்பான் என்றும் அவர் கூறுகின்றார். சோற்றையும் அவ்வாறே பலரோடு பகிர்ந்தான் என்கின்றார். ஈண்டு நேயர்கள் கவனிக்க வேண்டுவது ஒன்றுண்டு. இப்பாட்டில் புகழப்படுவது கள் அன்று; பகிர்வு. அரசன் ஒருவனும் பாடித்திரியும் பெண் ஒருத்தியும் ஒரே கலத்தின் முன் சமமாக அமர்ந்தனர். அஃதே அங்குப் பெரிது.

அதே தமிழில் திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அது குறளில் 93ஆவது அதிகாரம். பெற்ற தாயே முகஞ்சுளிக்கும்போது சான்றோர் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்று அவர் வினவுகின்றார். ஔவையாரையும் வள்ளுவரையும் ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட வேண்டுவதில்லை. ஒருவர் கூட்டத்தின் இன்பத்தைக் கண்டார். மற்றவர் வீட்டின் துன்பத்தைக் கண்டார். இரண்டும் உண்மை. பின்னால் தோட்டத்திலும் இவ்விரண்டையுமே நாம் காணப்போகின்றோம்.

கள்ளின் இயல்பு

கள் எவ்வாறு இவ்வளவு மலிவாயிற்று என்பதை அறிய அதன் இயல்பை அறிதல் வேண்டும். தென்னை அல்லது பனையின் பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, அதன் நுனியை நாள்தோறும் சீவினால் இனிய சாறு சொட்டும். அதில் 100க்கு 15 பங்கு வரையிற் சர்க்கரை உண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது புளியாமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால், காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதனைப் பொங்கச் செய்துவிடும். அன்று மாலைக்குள் அதில் 100க்கு 4 முதல் 6 பங்கு வரை சாராயச் சத்து ஏறும். மறுநாள் அது காடியாய்ப் புளிக்கத் தொடங்கும்.

தமிழ்நாட்டில் பனங்கள் கோடைக்குரியது. வெயில் ஏற ஏறச் சாறும் பெருகும். மழைக்காலம் வந்தால் மரம் ஓய்ந்துவிடும். ஆகவே குடிப்பவனுக்கும் ஓர் ஓய்வு இயற்கையாகவே கிடைத்தது. மலாய் நாட்டில் தென்னையே கள்ளைத் தந்தது. இங்கே ஆண்டு முழுவதும் வெயிலும் உண்டு, மழையும் உண்டு. தென்னையும் ஆண்டு முழுவதும் சொட்டும். கோடைக்குடியாக இருந்தது இங்கே அன்றாடக் குடியாயிற்று.

மேலும், கள்ளைப் புட்டியில் அடைத்துக் கப்பலேற்றித் தூரதேசத்துக்கு அனுப்பப் பண்டு வழியில்லை. அன்றன்று இறக்கி, அன்றன்று, அவ்விடத்திலேயே விற்றுத் தீர்த்தாக வேண்டும். எனவே கள்ளுக்கடை தொழிலாளர் குடியிருப்பின் பக்கத்திலேயே இருக்கவேண்டியதாயிற்று. குடிப்பவன் கடையைத் தேடிப் போகவில்லை. கடைதான் அவனைத் தேடி வந்தது.

ஜொகூர் கற்ற பாடம்

ஜொகூரில் மலிவான மயக்கத்தால் கூலியைத் திரும்பப் பெறும் வித்தை தமிழர் வருமுன்னரே தொடங்கிவிட்டது. 1844ஆம் ஆண்டில் தெமெங்கோங் இப்ராகிம், கேம்பியரும் மிளகும் பயிரிடும் சீனர் தலைவர்களுக்கு ஆற்றுப் பத்திரங்களை வழங்கத் தொடங்கினார். ஒவ்வோர் ஆற்றங்கரைக்கும் காங்சூ என்னும் தலைவர் ஒருவர் இருந்தார். காட்டை வெட்டித் திருத்தும் பொறுப்போடு அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் உரிமைகளும் அவரைச் சார்ந்திருந்தன. தனியே வந்த சீனத் தொழிலாளி பகலில் கேம்பியர் இலையைக் கொப்பரையில் காய்ச்சினான். இரவில் அபினிக் குழலைப் பிடித்தான். அவனுக்குக் கொடுத்த கூலி அபினியாய் மாறி, கொடுத்தவர் கைக்கே மீண்டது. அரசாங்கத்தின் வருவாயிலும் பெரும்பங்கு இத்தகைய குத்தகைகளால் வந்தது. அபூபக்கர் காலத்திலும் இம்முறை நீடித்தது. 1917இல்தான் காங்சூ முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்றும் ஜொகூரில் காங்கார் என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் அக்காலத்தின் சுவடுகளாய் நிற்கின்றன.

கேம்பியர் போய் ரப்பர் வந்தது. 1909இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை இரயில் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையை ஒட்டிச் சிகாமட், லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம், கூலாய் ஆகிய ஊர்களைச் சூழப் பால்மரக் காடுகள் எழுந்தன. கங்காணிகளின் பின்னே தமிழ் மக்கள் வந்தனர். சீனன் இருந்த இடத்தில் தமிழன் நின்றான்; அபினி இருந்த இடத்தில் கள் நின்றது.

இது ஜொகூருக்கு மட்டும் உரிய வித்தை என்றும் எண்ணவேண்டா. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் திராட்சைத் தோட்ட முதலாளிகள், கூலியின் ஒரு பகுதியாகத் தொழிலாளருக்கு நாள்தோறும் பலமுறை மலிவான திராட்சை மதுவை ஊற்றிக் கொடுத்தனர். அதற்கு டோப் முறை என்று பெயர். பின்னர் சட்டம் அதனைத் தடுத்தும் நெடுங்காலம் அது மறைவாக நடந்தது. தாய் குடித்த மதுவால் கருவிலேயே ஊனமுற்ற குழந்தைகள் அப்பகுதியில் மிகுதியாகப் பிறந்ததை மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். இங்கிலாந்திலேயும், மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுக்கும் வழக்கத்தைத் தடுக்க 1883இல் ஒரு சட்டம் செய்யவேண்டியிருந்தது. கூலி கொடுக்கும் கையும் குடியை விற்கும் கையும் ஒன்றாகவோ அருகருகாகவோ இருந்தால் தொழிலாளி தப்புவது அரிது என்பதை உலகம் பலமுறை கண்டிருக்கின்றது.

தோட்டத்தின் மாலை

தோட்டத்தொழிலாளியின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் தப்படித்து எழுப்புவர். இருட்டிலேயே பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுக்கவேண்டும். பிறகு கத்தியும் வாளியுமாய் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவவேண்டும். வெயில் ஏறியபின் மீண்டும் மரந்தோறும் சென்று பாலெடுக்கவேண்டும். பெண்களும் உடன் உழைத்தனர். அவர்களுக்கு அதன்பின் அடுப்பும் பிள்ளையும் காத்திருந்தன. மலாயாவின் சில மாவட்டங்களில் 1928இல் அரசாங்கம் விதித்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930ஐ ஒட்டி வந்த நெருக்கடியில் அதுவும் குறைந்தது.

பிற்பகலில் வேலை முடிந்தபின் அவன் எங்கே போவான்? லயத்து அறை மிகச் சிறிது. ஊர் மைல் கணக்கில் தூரம். தோட்டமோ முதலாளியின் சொந்த நிலம். உறவினர் வந்து பார்ப்பதற்கும் மேலாளரின் அனுமதி வேண்டியிருந்தது. படிப்பகம் இல்லை. கூடிப் பேச மண்டபம் இல்லை. கோயில் உண்டு, அது திருவிழாவுக்கும் வெள்ளிக்கிழமைக்கும் உதவும். நாள்தோறும் நாலு பேர் கூடத்தக்க ஒரே இடம் கள்ளுக்கடையாக இருந்தது. அங்கே கருவாட்டு வறுவலும் கடலையும் சுண்டலும் கிடைத்தன. ஊர்க்கதை நடந்தது, கடிதச் செய்தி பரவியது, கூத்துப் பாட்டும் ஒலித்தது.

அதே மாலையில் வெள்ளைத் துரைமார் எங்கே இருந்தனர் என்பதையும் நினைக்கவேண்டும். அவர்களுக்குக் கிளப்பு இருந்தது. சாய்வு நாற்காலியும், செய்தித்தாளும், பந்தாட்டமும், நண்பரும், விஸ்கியில் சோடா கலந்த ஸ்தெங்காவும் அங்கே இருந்தன. அது நாகரிகம் எனப்பட்டது. தொழிலாளியின் குவளை மட்டும் இழிவு எனப்பட்டது. குடி இரண்டிடத்திலும் உண்டு. கிளப்பில் குடியைச் சுற்றி வேறு பலவும் இருந்தன. கள்ளுக்கடையில் குடியைத் தவிர வேறொன்றும் வைக்கப்படவில்லை. வேற்றுமை இதுவே.

கள்ளுக்கடைகளுக்கு அரசாங்கம் உரிமம் கொடுத்தது. பட்டணங்களில் தானே கடை நடத்தியது. பல தோட்டங்களில் கள்ளு லாபம் தொழிலாளர் நலத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. அதாவது, அவன் குடித்துத் தொலைத்த பணத்தின் ஒரு பகுதி, அவனுடைய விளையாட்டுக்கும் விழாவுக்கும் கொடையாய்த் திரும்பி வந்தது! அவன் அதற்கு நன்றியும் கூறவேண்டியிருந்தது.

இருதரப்பு வாதம்

நியாயத்தின்பொருட்டு மறுதரப்பின் வாதத்தையும் கூறுவோம். புதிய கள்ளில் நுண்ணுயிர்களால் உண்டாகும் சில உயிர்ச்சத்துக்கள் உள்ளன என்பது பொய்யன்று. தோட்டத்தில் நல்ல கள் கிடைக்காவிட்டால் தொழிலாளி காட்டுக்குள் காய்ச்சும் சம்சுவைத் தேடிச் செல்வான் என்று துரைமார் சொன்னதும் முழுப் பொய்யன்று. கள்ளைவிடச் சம்சு பலமடங்கு கொடியது. ஆயினும் இவ்வாதத்தைக் கூர்ந்து நோக்கின், தொழிலாளிக்கு மாலையில் கள் அல்லது சம்சு என்னும் இரண்டே வழிகள் உண்டு என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதை உணரலாம். மூன்றாவது வழியொன்றை யாரும் அமைத்துப் பார்க்கவில்லை.

கேடு மிகுந்துவிட்டது என்பதை அரசாங்கமே அறியாமலும் இல்லை. சிலாங்கூரின் கடற்கரைப் பகுதிகளில் கள்ளின் தீமையை விசாரித்துக் குழுவொன்று 1917இல் அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் கடைகள் நடந்தன.

ஒரு கதவை மூடுக, ஒரு கதவைத் திறக்க

எதிர்ப்பு நம்மவரிடமிருந்தே எழுந்தது. தமிழ்நாட்டில் 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் ஈ.வெ. இராமசாமியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் முன்னின்றனர். அவர் தமக்குச் சொந்தமான தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டி வீழ்த்தினார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு வெளிவரத் தொடங்கியது. கடற்பாலத்தின் மறுகரையிலிருந்து அப்பத்திரிகை ஜொகூர்த் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்த் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தம் மலாயாவின் சரித்திரத்தில் மறக்கத்தகாதது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளரோடு சமமான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல மருத்துவ வசதி, பெண்களுக்குக் கௌரவம், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டியதில்லை என்னும் உரிமை. இவற்றோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். பேசவும் கூடவும் உரிமை வேண்டும் என்றும், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்கு வந்து போகவேண்டும் என்றும் கேட்டனர்.

இங்கேதான் நாம் நேயர்களைச் சற்று நிற்கச் சொல்லுகின்றோம். பின்னால் எழுதியோர் பலர் இவற்றைத் தனித்தனிக் கோரிக்கைகளாகவே எண்ணிக் கணக்கிட்டனர். நம் கருத்தில் கடைசியாகச் சொன்னவை ஒரே கோரிக்கையின் இரு பாதிகள். கள்ளுக்கடையின் கதவை மூடுக. நண்பர் வரும் கதவைத் திறக்க என்பதே அதன் பொருள். எழுத்தறியாத கூலிகள் என்று இகழப்பட்ட அம்மக்கள், குடியின் வேர் தனிமையில் இருக்கின்றது என்பதைக் கற்றவரினும் நன்றாக அறிந்திருந்தனர். அரசாங்கமோ நாதனைக் கைது செய்து நாடுகடத்தியது, படையை வரவழைத்தது, தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர்.

போர் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. 1947இல் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் அவர்கள் கள்ளுக்கடை மறியல் செய்தனர். அங்கும் காவலரோடு மோதல் நேர்ந்தது, பலர் சிறை சென்றனர், உயிரும் பலியாயிற்று. தம் சொந்த மக்கள் குடியாதிருக்கவேண்டும் என்று கேட்டதற்காகத் தடியடி பட்ட மக்கள் உலகில் மிகச் சிலரே இருப்பர்.

பாதி வென்ற போர்

அதன்பின் நடந்தது யாது? காலப்போக்கில் தோட்டத்துக் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. தோட்டங்கள் கைமாறின, பல துண்டாடப்பட்டன, வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. நம்மவர் ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங், ஜொகூர் பாரு முதலிய இடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டங்களில் இன்று பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளரே உழைக்கின்றனர். கள் போயிற்று. ஆனால் குடி போயிற்றா? மலிவான புட்டிச் சம்சு அவ்விடத்தைப் பிடித்தது. கள்ளாவது நாலு பேர் நடுவே குடிப்பது. சம்சுப் புட்டி சட்டைப்பையில் அடங்குவது; அடுக்குமாடிப் படிக்கட்டின் இருட்டிலே தனியே குடிக்கத்தக்கது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரில், மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். அவர்களுள் அயல்நாடுகளிலிருந்து கூலிவேலைக்கு வந்தோர் பலர். நம் பாட்டனார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர் என்பதை நாம் மறக்கலாகாது.

தாய்நாட்டிலும் இதே கதைதான். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது, 1971இல் தளர்ந்தது. 1987 முதல் கள் இறக்குதல் அங்கே தடையாயிற்று. 2003 முதல் அரசாங்க நிறுவனமே சில்லறைக் கடைகளில் மதுபானங்களை விற்று வருகின்றது. பனையின் சாறு குற்றமாயிற்று. ஆலைச் சாராயம் வருமானமாயிற்று. ஒரு கதவை மட்டும் மூடினால் காற்று மற்றொரு துளை வழியே புகும்.

இரண்டு நினைவுகள்

அண்மையில் ஜொகூரின் இரயில் பாதையை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு நண்பர் சிலருடன் சென்றிருந்தோம். எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரின் வீட்டில் மாலையுணவு கிடைத்தது. சோறு, மீன் குழம்பு, அவித்த மரவள்ளிக் கிழங்கு, வறுத்த கருவாடு, குடிக்கத் தேநீர். அவர் தோட்டத்திலே பிறந்து, பால்மரம் சீவி, பென்சன் இல்லாமல் வெளியேறியவர். இளமையில் கள் குடித்ததுண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. “அதன் சுவை இன்னும் நினைவிருக்கிறதா, ஐயா?” என்று கேட்டோம். அவர் சிரித்தார்.

“சுவை என்ன தம்பி, புளிப்புத்தான். கடைக்குப் பக்கத்தில் ஓர் அண்ணன் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எங்களுக்குப் படிக்கத் தெரியாது. உலகத்தில் என்ன நடக்கிறது என்று அவர் வாயால்தான் கேட்டோம். அதுதான் நினைவிருக்கிறது” என்றார்.

அடுப்பங்கரை வாயிலில் நின்ற அவர் மனைவியார் அப்போது சொன்னார்: “அவருக்குப் பேப்பர் நினைவிருக்கிறது. எனக்குச் சம்பளம் போட்ட மூன்றாம் நாள் காலியாய்க் கிடந்த அரிசி டின்தான் நினைவிருக்கிறது.”

பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. நாமும் சிறிது நேரம் பேசவில்லை. ஔவையார் கண்டதும் வள்ளுவர் கண்டதும் ஒரே கூரையின்கீழ் நம்முன் நின்றன. பிறகு அம்மையாரே எழுந்து இன்னொரு சுற்றுத் தேநீர் கொணர்ந்தார். இரவு பத்து மணிவரை பேசிக்கொண்டிருந்தோம். கணவர் விட்ட கதையை மனைவி தொடர்ந்தார். மனைவி மறந்த பெயரைக் கணவர் எடுத்துக் கொடுத்தார். அந்தக் கள்ளுக்கடைக் கூட்டத்தில் அவ்வம்மையாருக்கு ஒருநாளும் இடம் இருந்ததில்லை. இந்தக் கூட்டத்திலே இருந்தது.

நாம் செய்யத்தக்கது

இன்று பட்டணத்துத் தமிழருள் சிலர், பேரங்காடியில் மட்டமான விலைக்குத் திராட்சை மது வாங்கி, நண்பரை அழைத்து, உணவோடு அருந்திப் பேசி மகிழ்கின்றனர். அது நாகரிகம் என்று எண்ணப்படுகின்றது. அவர்களை நாம் வைய வரவில்லை. அளவறிந்து, தம் பணத்தில், தம் வீட்டில், மனைவி மக்களும் உடனமர்ந்திருக்கச் செய்வதைப் பிறர் எவ்வாறு தடுப்பது? ஆனால் அவர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். அந்த மாலையின் இன்பத்தில் மதுவின் பங்கு எவ்வளவு, நண்பரின் பங்கு எவ்வளவு? மதுவை எடுத்துவிட்டு நண்பரை வைத்தால் மாலை நிற்கும். நண்பரை எடுத்துவிட்டு மதுவை வைத்தால் நிற்பது என்ன என்பதைப் படிக்கட்டின் இருட்டிலே காணலாம்.

நம் அண்டை அயலாராகிய மலாய் மக்கள் மார்க்கத்தால் மதுவை விலக்கியவர்; எனினும் அவர்கள் மாலைகள் வறண்டவையல்ல. மூவாரிலும் பத்து பகாட்டிலும் கோப்பிக் கடைகளில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசுவோரைக் காண்கின்றோம். குளுவாங் இரயில் நிலையத்துக் கோப்பிக்கடை 1938 முதல் வருவோர் போவோரைக் கூட்டிவைத்து வருகின்றது. கூட்டத்துக்கு வேண்டுவது நாற்காலியும் நேரமும் வரவேற்பும், மயக்கம் அன்று.

ஆகவே, குடியை ஒழிக்கப் புறப்படும் நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். குடிகாரனைத் திட்டும் சொற்பொழிவுகள் போதும். அவன் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே ஓர் அறையைத் திறவுங்கள். பத்து நாற்காலியும், தமிழ்ப் பத்திரிகையும், தேநீரும், கேரம் பலகையும் வையுங்கள். பெண்களும் வந்து அமரத்தக்கதாய் அதனை நடத்துங்கள். வங்காளத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்து தனியே வாடும் தொழிலாளியையும் உள்ளே அழையுங்கள். படிக்கத் தெரிந்தவர் ஒருவர் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும்.

1941இல் நம் முன்னோர் ஒரு கதவை மூடவும் ஒரு கதவைத் திறக்கவும் கேட்டனர். முதற்பாதி ஒருவாறு நிறைவேறிற்று. மறுபாதியை நிறைவேற்ற இன்று எந்தத் துரையின் அனுமதியும் வேண்டுவதில்லை. சாவி நம் கையிலேயே இருக்கின்றது.